தெருவின் தாளத்திற்கு ஓர் அரங்கு

பெங்களூருவில் ஆஸ்டின் டவுனுக்கும் விவேக் நகருக்கும் அருகே அமைந்த நீலசந்திரா, தமிழும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் ஒலிக்கும் பகுதியாகும். இத்தகைய குடியிருப்புகளில் அம்மன் திருவிழாவிலும் இறுதி ஊர்வலத்திலும் தோற்கருவிகளின் முழக்கம் தவறாது. நாம் பறை என்பதைக் கன்னடத்தார் தமட்டே என்பர். பெயர் வேறாயினும் கலைஞரின் நிலை ஒன்றே: அழைப்பு வந்த நாளில் வருவாய் உண்டு, மற்ற நாள்களில் இல்லை.

இசைக்கு இடமளிப்பதில் இந்நகரம் பின்தங்கியதன்று. கப்பன் பூங்காவில் பழைய வாத்திய மேடை இருக்கிறது. வயலின் வடிவில் எழுந்த சௌடய்யா நினைவு மண்டபம் 1980-இல் திறக்கப்பட்டது. மகாத்மா காந்தி சாலை மெட்ரோ நிலையத்தை ஒட்டி 2013 முதல் ரங்கோலி கலை மையம் இயங்கி வருகிறது. எனினும் தெருவில் வாசிப்பவர் அன்றாடம் பயிலவும், கருவியைப் பாதுகாக்கவும், உரிய ஊதியம் பெறவும் அவர் வாழும் பகுதியிலேயே ஓர் இடம் வேண்டும்.

இதற்குச் சென்னையின் அனுபவம் வழிகாட்டும். 2007-இல் தொடங்கிய சென்னை சங்கமம், கிராமியக் கலைஞர்களை நகரின் பூங்காக்களுக்கு அழைத்து வந்தது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி நடத்திய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு, கானாப் பாடலைப் பெருமேடைக்கு உயர்த்தியது. மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பெருமை வந்து சேர்ந்துவிட்டது. நிலையான வருவாய்தான் இன்னும் எல்லோரையும் எட்டவில்லை.

அரங்கு எவ்வாறு அமைய வேண்டும்?

பறையும் உறுமியும் வெட்டவெளிக்கெனப் பிறந்தவை. நாற்புறமும் சிமெண்டுச் சுவர் எழுப்பினால் ஓசை மோதித் திரும்பித் தாளம் குழம்பும். ஆகவே உயர்ந்த கூரையும், தெருவை நோக்கித் திறந்த முகப்பும், வீடுகளை நோக்கிய பக்கங்களில் ஒலியை உள்வாங்கும் தடித்த தடுப்பும் தேவை. ஈரத்தில் தளரும் தோலை நெருப்பில் காய்ச்சித்தான் பறையை முறுக்கேற்றுவர். அதற்குப் பாதுகாப்பான தீமூட்டும் இடத்தை வரைபடத்திலேயே ஒதுக்குதல் நன்று. ஓரறை வீடுகளில் வாழ்வோர் கருவிகளை வைக்கப் பூட்டுடன் கூடிய உலர்ந்த அறையும், பெண் கலைஞருக்குத் தனி ஒப்பனையறையும் கழிப்பறையும் இன்றியமையாதவை.

அக்கம்பக்கத்தாரின் உறக்கமும் கருதத்தக்கது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என்பது வரம்பு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளி முழக்கத்திற்குத் தடை உண்டு. மருத்துவமனை, பள்ளி ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரையிலான பகுதி அமைதி மண்டலமாக அறிவிக்கப்படலாம். இடத்தைத் தேர்வு செய்யும்போதே இவற்றை அளந்து பார்த்தல் வேண்டும்.

வருவாயும் கணக்கும்

கலைஞரின் கூலி பெரும்பாலும் ரொக்கமாகக் கைமாறுகிறது. ரொக்கம் சுவடு வைப்பதில்லை. சுவடு இல்லாத வருவாயைக் காட்டிக் கடன் பெறுதல் கடினம். விளைவாக, புதிய கருவி வாங்கவும் வட்டிக்காரரையே நாட நேரிடுகிறது. 2014-இல் தொடங்கிய ஜன்தன் திட்டத்தில் இருப்புத் தொகையின்றியே கணக்குத் தொடங்கலாம். 2016-இல் அறிமுகமான யுபிஐ வழியே, ரசிகர் தரும் பத்து ரூபாயும் கணக்கில் பதிவாகும். லண்டன் நகரில்கூட 2018-இல் தெருப்பாடகர்களுக்கு அட்டைவழிப் பணம் பெறும் கருவிகள் வழங்கப்பட்டன.

நான்கு முதல் பத்துப் பேர் சேர்ந்தால் கூட்டுப் பொறுப்புக் குழு அமைத்து வங்கிக் கடன் கோரலாம். ஒரு வாத்தியக் குழுவின் அளவும் ஏறத்தாழ அதுவே. தனிநபர் தொழிலுக்கு முத்ரா திட்டத்தின் ‘சிசு’ பிரிவில் ரூ.50,000 வரை கடன் உண்டு. அரங்கின் நிர்வாகக் குழு, இருவர் கையொப்பமிடும் கூட்டுக் கணக்கை வைத்து, வரவு செலவை மாதந்தோறும் பலகையில் எழுதி ஒட்டினால் ஐயத்திற்கு இடமிராது.

அரங்கு எழும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. நம் இல்ல விழாவுக்கு அழைக்கும் கலைஞரிடம் கூலியை முன்னரே பேசி, அதனை அவர்தம் கணக்கிலேயே செலுத்துவோம். அவருடைய அடுத்த கருவிக்கான கடனுக்கு அந்தப் பதிவே சான்றாக நிற்கும்.