எட்டாம் வகுப்பிலேயே போட வேண்டிய கணக்கு

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டி, மேல்மங்கலம், ஜெயமங்கலம் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான்: ப்ளஸ் ஒன்னுக்கு எங்கே சேர்ப்பது? உயர்நிலைப் பள்ளி பத்தாவதோடு முடிந்துவிடும். பூண்டு விலை கொஞ்சம் கைகொடுத்த வருஷம் என்றால், "ரெண்டு வருஷம்தானே, பிரைவேட்ல போட்டுருவோம்" என்று அப்பா சொல்லிவிடுவார். அந்த இரண்டு வருஷம் எதையெல்லாம் இழக்க வைக்கும் என்று பல வீடுகளில் தெரிவதில்லை.

முதலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. நீட் எழுதித் தேறிய அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020இல் சட்டமாக வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கும் வந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் படிப்புக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. நிபந்தனை ஒன்றுதான்: ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. ஒரு வருஷம் வெளியே போனாலும் போச்சு. கல்வி உரிமைச் சட்டத்தின்படி எட்டாவது வரை தனியாரில் இலவசமாகப் படித்துவிட்டு ஒன்பதாவதில் அரசுப் பள்ளிக்கு வந்தவருக்கு மட்டும் விலக்கு உண்டு. நம் மாவட்டத்துக் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் அரசுப் பள்ளிக் கணக்கில்தான் வரும். அரசு உதவிபெறும் பள்ளி வராது. பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். சம்பளம் அரசு தருவதால் அதையும் அரசுப் பள்ளி என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டங்களில் விதி சற்றுத் தளர்வு. மாணவியருக்கான புதுமைப் பெண் 2022 செப்டம்பரில் தொடங்கியது, மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில். உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் இப்போது இரண்டிலும் சேர்த்தி. கல்லூரிப் படிப்பு முடியும்வரை பணம் நேரே வங்கிக் கணக்குக்கு வரும்.

இவையெல்லாம் பன்னிரண்டாவதுக்குப் பிறகு. பள்ளியில் இருக்கும்போதே கிடைப்பது இரண்டு தேர்வுகளால். எட்டாவதில் எழுதுவது என்.எம்.எம்.எஸ். என்னும் உதவித்தொகைத் தேர்வு. தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000, மொத்தம் 48,000 ரூபாய். இடையில் தனியார் பள்ளிக்கு மாறினால் இதுவும் நின்றுவிடும். ஒன்பதாவதில் எழுதுவது ஊரகத் திறனாய்வுத் தேர்வு, பிள்ளைகள் வாயில் 'ட்ரஸ்ட் எக்ஸாம்'. மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர். கிராம ஊராட்சி, பேரூராட்சிப் பகுதிப் பள்ளிகளுக்கு மட்டும் என்பதால் வடுகபட்டிப் பிள்ளை எழுதலாம்; பக்கத்தில் பெரியகுளம் நகராட்சிக்குள் படிக்கும் பிள்ளை எழுத முடியாது. உதவித்தொகை ஆண்டுக்கு 1,000. மாதத்துக்கு நூறு ரூபாய்கூடத் தேறாத இந்தத் தொகையை இன்னும் உயர்த்தாமல் வைத்திருப்பது அரசுக்கு அழகல்ல. இருந்தாலும் எழுத வையுங்கள். பொதுத்தேர்வுக்கு முன்பே ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் நிரப்பிப் பழகிய பிள்ளைக்கு, பின்னால் வரும் போட்டித் தேர்வுகளைக் கண்டால் அவ்வளவு மிரட்சி இருக்காது.

என்.எம்.எம்.எஸ்., ட்ரஸ்ட் இரண்டுக்கும் வருமானச் சான்று வேண்டும். வரம்பு முன்னதற்கு ஆண்டுக்கு 3.5 லட்சம், பின்னதற்கு 1 லட்சம். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிப் பதிந்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மேலே போய் வரும். ஆனால் தூக்குக்கூலிக்கும் பூண்டு தரம் பிரிக்கவும் போகிறவர்களுக்கு ஆவணத்துக்காக அலையும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி. அதிலும் வியாழன், ஞாயிறு பூண்டுச் சந்தை நாளில் யாரும் நகர மாட்டார்கள். சான்று ஓராண்டு செல்லும். ஜூனிலேயே வாங்கி வைத்துவிட்டால் கடைசித் தேதி வரும்போது ஓட வேண்டாம். ஆதார், பள்ளிப் பதிவேடு, வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். 'மு' ஓரிடத்தில், 'எம்' ஓரிடத்தில் என்றிருந்தால் பணம் வந்து சேர்வதில் சிக்கல்.

தேர்வு எழுதாமலே பள்ளியில் கிடைப்பது இலவச சைக்கிள்; அதைப் பதினொன்றாம் வகுப்பில்தான் தருகிறார்கள். தோட்டத்து வீட்டிலிருந்து ஆறாவதுக்கே நடந்து வரும் பிள்ளைக்கு அதுவரை பஸ் பாஸ்தான் துணை, அந்தப் பக்கம் பஸ் போனால்.

ப்ளஸ் ஒன் சேர்க்கைக்கு டி.சி. வாங்கப் போகும்போது, ஆறு முதல் பத்து வரை எங்கே படித்தான் என்பதற்கான படிப்புச் சான்றையும் கையோடு கேட்டு வாங்கிவிடுங்கள். கலந்தாய்வு சமயத்தில் அதற்காக மறுபடியும் பள்ளிக்கு ஓடும் வேலை மிச்சம்.