காவலூரும் கணிப்பொறிச் சாவியும்



ஜவ்வாது மலையிலே காவலூர் என்றொரு சிற்றூர் உண்டு. பெயரிலேயே காவல் இருக்கின்றது. அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி 1986ஆம் ஆண்டு முதல் வானை நோக்கி வருகின்றது. மலையேறி வருபவரின் முகத்தை வாயிற்காவலர் அறிவார். ஆனால், அதே வானியல் நிறுவனம் லடாக்கின் ஹான்லேயில் அமைத்த தொலைநோக்கியை, கருநாடகத்து ஹொசக்கோட்டையில் அமர்ந்தபடியே செயற்கைக்கோள் வழியாக இயக்குகின்றனர். ஆள் ஓரிடம், கருவி வேறிடம். முகம் காணாத வாயிலில் வருபவர் இன்னார் என அறிவது எங்ஙனம்?

கணிப்பொறிக்குரிய கட்டளைத் தொகுதியாகிய நிரலைப் பலரும் பல ஊர்களிலிருந்து எழுதிப் பொதுக் களஞ்சியத்தில் சேர்த்து வைக்கின்றனர். கிட்ஹப், கிட்லேப் என்பன அத்தகைய களஞ்சியங்கள். இவற்றின் வாயிலிலும் இதே வினா எழுகின்றது. கடவுச்சொல் வழியிலே திருடப்படலாம். ஆதலின், 1995இல் பின்லாந்தில் உருவான எஸ்.எஸ்.எச். என்னும் முறை கைக்கொள்ளப்படுகின்றது.

இம்முறையில் சாவி இரு பகுதியாகும். பொதுச்சாவியைக் களஞ்சியத்திற்குக் கொடுத்துவிடுகிறோம். தனிச்சாவி நம் கணிப்பொறியை விட்டு அகலுவதில்லை. நுழைய வருபவர் தனிச்சாவியால் ஒரு செய்தியில் ஒப்பமிடுகிறார். களஞ்சியம் பொதுச்சாவியால் அவ்வொப்பத்தைச் சரிபார்க்கிறது.

அங்ஙனமாயின், எச்சாவியையும் ஏற்கலாமோ? கூடாது. 2006ஆம் ஆண்டில் டெபியன் என்னும் இயங்குதளத்தில் நேர்ந்த ஒரு சிறு திருத்தப் பிழையால், அதில் உருவான சாவிகள் ஒவ்வொரு வகையிலும் அளவிலும் ஏறத்தாழ 32,000 வடிவங்களுக்குள் அடங்கிவிட்டன. அத்தனையையும் முன்கூட்டியே செய்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்ப்பது கள்வனுக்கு எளிது. 2008 மே மாதத்தில்தான் குறை வெளிப்பட்டது. பழுதுற்ற சாவியை உடையவர்கள் குற்றமற்றவர்கள். தம் சாவி பழுது என்பதையே அறியாதவர்கள். 2015இலும் அத்தகைய சாவிகள் சில கிட்ஹப்பில் புழங்கக் கண்டு, அந்நிறுவனம் அவற்றை நீக்கியது.

சாவியின் நீளமும் கருதத்தக்கது. ஆர்.எஸ்.ஏ. சாவியின் வலிமை, இரு பெரும் பகா எண்களின் பெருக்கத்தைப் பிரித்தறியும் அருமையில் உள்ளது. 768 பிட் நீளமுள்ள அத்தகைய எண்ணை 2009இல் அறிஞர்கள் பிரித்துக் காட்டினர். நேற்றைய வலிமை இன்றைய மெலிவாகும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆகவே, கிட்லேப்பை நடத்தும் நிருவாகி, இன்ன வகைச் சாவி ஏற்கப்படும், இன்ன வகை ஏற்கப்படாது, ஆர்.எஸ்.ஏ. ஆயின் இத்தனை பிட்டுக்குக் குறையலாகாது என்று வரையறுக்க வசதியுண்டு. கிட்ஹப் 2022 மார்ச் 15ஆம் நாள் டி.எஸ்.ஏ. சாவிகளை அறவே விலக்கியது. அதனை 2021 செப்டம்பரிலேயே அறிவித்துப் பயனர்க்குக் கால இடம் கொடுத்தது. கட்டுப்பாடு அறிவிப்போடு வருவதே முறை.

“என் சாவி, என் விருப்பம், இதில் பிறர்க்கென்ன?” என்று கேட்பாரும் உளர். மாணவர் விடுதியில் ஓர் அறையின் தாழ்ப்பாள் தளர்ந்திருந்தால், கள்வன் அவ்வறையோடு நிற்பானா? ஒருவர் பெயரால் நுழைந்தவன் பொது நிரலையே கெடுத்துவிடலாம். அந்நிரலை நம்பியவர் அனைவர்க்கும் அக்கேடு சென்று சேரும்.

எனினும், காவலுக்கும் ஓர் எல்லையுண்டு. களஞ்சியம் காண்பது பொதுச்சாவியின் வகை, நீளம், அது பழுதுப் பட்டியலில் உள்ளதா என்பவற்றையே. தனிச்சாவியை நீங்கள் நண்பனுக்குப் படியெடுத்துக் கொடுத்தீர்களா, கடவுத்தொடரின்றித் திறந்து வைத்தீர்களா என்பதை எந்த வாயிற்காவலரும் அறியார். அப்பகுதியின் காவலர் நீங்களே. புதிய சாவி செய்வோர் எட்25519 வகையைத் தேர்க. தனிச்சாவிக்குக் கடவுத்தொடர் இடுக. அதனை எவர்க்கும் கொடாதிருக்க.