லாபம் பில்லில், பணம் பார்ட்டியிடம்

சரவணம்பட்டி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருவது சத்தி ரோட்டின் ஐ.டி. வளாகங்கள்தான். ஆனால் கணபதி, சின்னவேடம்பட்டி, கீரணத்தம் என்று உள்ளே திரும்பினால் லேத்தும் சி.என்.சி.யுமாகப் பட்டறைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. கோவையின் பெயரைச் சுமக்கும் பம்ப், மோட்டார், கிரைண்டர்களுக்கான உதிரிபாகங்கள் இப்படிப்பட்ட பட்டறைகளில்தான் கடைசல் ஆகின்றன. ஆர்டர் இல்லாத பட்டறையின் கஷ்டம் வெளியே தெரிந்துவிடும். ஆர்டர் நிறைய இருந்தும் பாக்கி வராமல் திணறும் பட்டறையின் கஷ்டம் அதன் முதலாளிக்கே தாமதமாகத்தான் உறைக்கிறது.

ஒரு கணக்கு போடுவோம். 10 லட்சம் ரூபாய்க்குச் சரக்கு போகிறது. செலவெல்லாம் போக 8 சதவீதம், அதாவது 80,000 ரூபாய் நிற்கும் என்று விலை சொல்லியிருக்கிறார் முதலாளி. வங்கியின் சி.சி. (கேஷ் கிரெடிட்) வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மாதம் 10,000 ரூபாய். பார்ட்டி 30 நாளில் கொடுத்தால் மிஞ்சுவது 70,000. நான்கு மாதம் இழுத்தால் 40,000. எட்டு மாதம் என்றால் அத்தனையும் வங்கிக்கே போய்விடும்.

ஜி.எஸ்.டி.யை இன்னும் சேர்க்கவில்லை. 18 சதவீதம் என்றால் 1,80,000 ரூபாய். பார்ட்டி பணம் கொடுத்தாரா என்று யாரும் கேட்பதில்லை. உள்ளீட்டு வரி போக மீதியை, மாதந்தோறும் ரிட்டர்ன் போடுபவர் அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். கூலிக்குக் கடைந்து கொடுப்பவருக்குக் கழித்துக்கொள்ள உள்ளீட்டு வரியும் சொற்பம். இந்த நிலையில் ஒரு பார்ட்டி 1 லட்சத்தை ஏமாற்றிவிட்டால், அதை மீட்கப் புதிதாக 12.5 லட்சத்துக்கு விற்க வேண்டும்.

இரும்பு விலை கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறினால் மறுநாளே கொட்டேஷனைத் திருத்துகிறவர்கள், 60 நாள் தவணை 90 ஆகும்போது மட்டும் "சரிங்க" என்று விட்டுவிடுகிறார்கள். கடன் நாளுக்கும் விலை போட வேண்டும். 30 நாளுக்கு ஒரு ரேட், 90 நாளுக்கு வேறு ரேட் என்று முதல் கொட்டேஷனிலேயே எழுதிக் கொடுப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

நடைமுறையில் தவணை 90 நாள் வரை போனாலும், சட்டம் சிறு உற்பத்தியாளர் பக்கம்தான் நிற்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் தவணை 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டு வட்டி. 2023 நிதிச் சட்டம் இன்னொரு பிடியையும் போட்டது: குறு, சிறு உற்பத்தியாளருக்கு உரிய காலத்தில் பணம் தராத கம்பெனி, அந்தத் தொகையை, கொடுத்து முடிக்கும் ஆண்டில்தான் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியும்.

இந்த நாள்கணக்கு எங்கே தொடங்குகிறது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சரக்கு போய் ஒன்றரை மாதம் கழித்து, பணம் கேட்கும் அன்றைக்குத்தான் போன் வரும்: "பத்து பீஸ் சைஸ் வரலைங்க, ரிஜெக்ஷன் பார்த்துட்டு பேசிக்கலாம்." ஆனால் சரக்கு வந்து சேர்ந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் அது ஏற்கப்பட்டதாகவே சட்டம் கொள்கிறது. இதை நிரூபிக்கக் கையில் இருக்க வேண்டியது டெலிவரி சலான். அதில் வாங்கியவரின் சீலும் கையெழுத்தும் தேதியும். வண்டிக்காரர் சீல் வாங்காமல் திரும்பினால் வழக்கின் பாதி அங்கேயே போய்விட்டது. சிறுதொழிலுக்கான உதயம் பதிவும் சரக்கு கொடுப்பதற்கு முன்பே இருப்பது நல்லது. பின்னால் பதிந்துகொண்டு பழைய பில்லுக்குப் பலன் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் சொன்னது.

இவ்வளவு இருந்தும் புகார் கொடுக்க ஏன் தயங்குகிறார்கள்? "கேட்டா அடுத்த ஆர்டர் போயிருமுங்க" என்பதே பதில். அந்தப் பயத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஒரே கம்பெனியை நம்பி வி.எம்.சி. மெஷினுக்குத் தவணை கட்டுகிறவர் அந்தக் கம்பெனிமீது எப்படி மனுப் போடுவார்? பணம் தராதவரும் எப்போதும் வில்லன் இல்லை. மழைக்காலத்தில் பம்ப் விற்பனை மந்தமாகும். டீலர் கம்பெனிக்குப் பாக்கி வைப்பார், கம்பெனி ஃபவுண்டரிக்கு வைக்கும், கடைசியில் நிற்பவர் லேத்காரர். அவரிடமிருந்து தள்ளிவிட இடமில்லை.

பில்லை வங்கிகளிடம் ஏலத்தில் தள்ளுபடி செய்து உடனே பணம் பெற, ரிசர்வ் வங்கி அனுமதித்த 'டிரெட்ஸ்' தளங்கள் 2017 முதல் இயங்குகின்றன. 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் அதில் பதிந்தாக வேண்டும் என்று 2024 நவம்பரில் ஆணை வந்தது. ஆனால் பதிந்த கம்பெனி அந்தப் பில்லை ஒப்புக்கொண்டால்தான் காசு. 250 கோடிக்குக் கீழே உள்ள கம்பெனிகளுக்குச் சப்ளை செய்யும் பட்டறைகளுக்கு இந்தக் கட்டாயத்தால் நேரடிப் பயன் இல்லை.

ஆகவே முதல் காவல் பட்டறைக்குள்ளேதான். ஒவ்வொரு பார்ட்டிக்கும் ஒரு கடன் வரம்பு, வாரம் ஒருமுறை 45 நாள் தாண்டிய பில்களின் பட்டியல், வரம்பு தாண்டியவருக்கு அடுத்த லோடு ஏற்றும் முன் ஒரு போன். அதற்கு மேல் தனி ஆளால் முடியாது. நிலுவைப் புகார்களை விசாரிக்கும் வசதிக் குழு கோவையிலேயே இருக்கிறது. அங்கே போகும் முன், 1969 முதல் இயங்கும் கொடிசியா போன்ற சங்கங்கள் தங்கள் லெட்டர்ஹெட்டில், பல உறுப்பினர்களின் நிலுவையைச் சேர்த்து ஒரே கடிதமாக அந்தக் கம்பெனிக்கு எழுதட்டும். எந்தப் பட்டறை புகார் சொன்னது என்று தேடிப் பிடித்து ஆர்டரை நிறுத்துவது அப்போது அவ்வளவு சுலபமில்லை.