மோட்டார் சுற்றியது, தீனி விழவில்லை

சேர்ந்தாற்போல் நான்கு நாள் விடுமுறை வந்தால் போதும், அடுத்த வாரம் கால்நடை மருத்துவமனை வாசலில் இந்தப் பேச்சைக் கேட்கலாம்: "மெஷின் வச்சுட்டுத்தான் டாக்டர் ஊருக்குப் போனோம்." கையோடு ஆப்பையும் திறந்து காட்டுவார்கள். காலை 8 மணி, இரவு 8 மணி என்று வரிசையாகப் பச்சை டிக், ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'உணவு வழங்கப்பட்டது' என்று ஒரு வரி. கூடைக்குள் இருக்கும் பூனையோ மூன்று நாளாக வயிற்றுக்கு ஒன்றும் இல்லாமல் சுருண்டு கிடக்கும்.

அந்தப் பச்சை டிக் எதற்குச் சாட்சி என்று விற்கிறவர் சொல்வதில்லை, வாங்குகிறவரும் கேட்பதில்லை. தானாகத் தீனி போடும் விலை குறைந்த ஃபீடர்கள் பலவற்றில் அது மோட்டார் சுற்றியதற்கான கணக்கு, அவ்வளவுதான். கிண்ணத்தில் தீனி விழுந்ததா என்று பார்க்கும் சென்சார் அவற்றில் இல்லை. பம்புசெட் ஓடுகிறது என்பதற்காக வயலில் தண்ணீர் பாய்ந்துவிட்டது என்று எந்த விவசாயியும் படுக்கப் போவதில்லை. வாய்க்காலைப் போய்ப் பார்ப்பார். நாம் போனைப் பார்த்துவிட்டுத் தூங்கிவிடுகிறோம்.

அடைப்பு எப்படி வருகிறது என்று மூடியைத் திறந்து பார்த்தால் தெரியும். தொட்டியின் அடியில் ரப்பர் இதழ்கள் கொண்ட சக்கரம் ஒன்று இருக்கும். மழைக்கால ஈரக்காற்றில் உலர் தீனி ஊறிப் பருத்து, அதன் எண்ணெய்ப் பசையும் தூளும் சேர்ந்து இதழ்களுக்கு நடுவே அடை மாதிரி அப்பிக்கொள்ளும். மூடியில் இருக்கும் சிலிகா ஜெல் பையை மாற்ற வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது. ஐந்து நாள் பயணத்துக்கு மாதத் தீனியைக் கொட்டி நிரப்புவதும் நடக்கிறது. பூசணம் பிடிக்க வேறென்ன வேண்டும்?

அடுத்தது மின்சாரம். பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தினால் காலையில் போவது பிற்பகல்தான் வரும். ஃபீடரில் பேட்டரி போட இடம் இருக்கிறது. பெரும்பாலும் மூன்று பெரிய டி செல். போடுகிறவர் குறைவு. போட்டாலும் பல மாடல்களில் பேட்டரியில் ஓடும்போது வைஃபையும் கேமராவும் நின்றுவிடும். ரூட்டருக்கு இன்வெர்ட்டர் இணைப்பு இல்லையென்றால் அதுவும் படுத்துவிடும். ஆகவே வாங்கும் முன் ஒரே கேள்வியை விடாமல் கேளுங்கள்: நேர அட்டவணை கருவிக்குள்ளேயே பதிவாகிறதா, இல்லை கம்பெனியின் சர்வரை நம்பி இருக்கிறதா? அமெரிக்காவில் பெட்நெட் என்ற ஃபீடர் நிறுவனத்தின் சேவை 2016 ஜூலையில் சில மணி நேரமும், 2020 பிப்ரவரியில் ஏறக்குறைய ஒரு வாரமும் முடங்கியது. வீட்டில் கரண்ட் இருந்தும், தொட்டியில் தீனி இருந்தும், பட்டினி கிடந்த பிராணிகள் உண்டு. 2019-இல் ஃபர்ரிடெய்ல் என்ற ஃபீடரை ஆராய்ந்த ரஷ்யப் பெண் ஒருவர், உலகெங்கும் உள்ள 10,950 கருவிகளின் தீனி நேரத்தைத் தன்னால் மாற்ற முடியும் என்று கண்டுபிடித்தார். கேமரா வைத்த ஃபீடர் என்றால் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள்.

பூனை வளர்ப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். நாய் ஒரு நாள் பட்டினியைத் தாங்கிவிடலாம். கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். ஹெபாடிக் லிபிடோசிஸ் என்பது அதன் பெயர். இன்சுலின் போடும் பிராணியையும் குட்டிகளையும் மெஷினிடம் விட்டுப் போகவே கூடாது. மெஷின் தண்ணீர் வைக்காது, வாந்தியைப் பார்க்காது. சாவியோடு ஒரு மனிதர் தினம் ஒரு முறை வீட்டுக்குள் வந்து கிண்ணத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவோ, காசு கொடுத்து வைத்த ஆளோ, யாராக இருந்தாலும் சரி. அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் போர்டிங்கில் விடுங்கள், இல்லையென்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

"மெஷின் கோளாறு, நான் என்ன செய்ய?" என்பவர்களுக்கு ஒரு தகவல். 1960-ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11(1)(எச்): போதிய உணவும் நீரும் இருப்பிடமும் தராத உரிமையாளர் குற்றவாளி. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரை. பல பத்தாண்டுக்கு முந்தைய தொகையை இன்னும் அப்படியே வைத்திருக்கிறார்கள், வெட்கக்கேடு. தொகை சிறிது என்பதால் பொறுப்பு சிறிதாகிவிடாது.

இனி, மெஷின் வாங்குகிறவரும் ஏமாந்தவரும் செய்ய வேண்டியது. பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். ஊருக்குப் போகும் முந்தின நாள்வரை பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்து, திருப்பியனுப்பும் கெடுவைத் தொலைத்துவிட்டு நிற்காதீர்கள். வந்த அன்றே எடுத்து, வீட்டில் இருக்கும்போதே ஒரு வாரம் ஓட்டுங்கள். அதில் ஒரு நாள் அடாப்டரைப் பிடுங்கி, வைஃபையை அணைத்து, பேட்டரியில் மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள். பத்து 'போர்ஷன்' விழவைத்துச் சமையலறைத் தராசில் நிறுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் கிராம் கணக்கு உங்கள் தீனிக்குப் பொருந்தாமல் போகலாம். பில்லில் இறக்குமதியாளர் அல்லது விற்பனையாளர் பெயர், முகவரி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஆன்லைன் தளத்துக்கு எழுதிக் கேளுங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி விற்பனையாளரின் முகவரியை அவர்கள் தந்தாக வேண்டும். தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகார் வந்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்வு சொல்ல வேண்டும். சாட் பெட்டியில் சண்டை போட்டு மூச்சை வீணாக்காதீர்கள், அவருக்கே மின்னஞ்சல் போடுங்கள்.

அதன்பின் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இதில் ஒன்றை மனதில் வையுங்கள். 1915 நீதிமன்றம் அல்ல. புகாரை நிறுவனத்துக்கு அனுப்புவார்கள், சமரசம் பேசுவார்கள், உத்தரவு போட முடியாது. அங்கே புகார் எண் வாங்கியதோடு வழக்குப் போட்டதாக நினைத்துப் பலர் உட்கார்ந்துவிடுகிறார்கள். வழக்குப் போடும் கெடு இரண்டு ஆண்டு. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

உத்தரவு போடும் அதிகாரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தால் ஒரு சீட்டு கிடைக்கும், மனு மேசை மேசையாகப் போகும். ஆட்சியர் இதில் தீர்ப்புச் சொல்ல முடியாது. காவல் நிலையத்தில் "இது சிவில் மேட்டர்" என்பார்கள். மக்களை அலையவிடும் இந்த அலுவலகங்களில் ஒன்றாவது, ஆணையம் எங்கே இருக்கிறது என்று சுவரில் எழுதி வைக்கலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் டெல்லி போக வேண்டியதில்லை. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்வரை கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. 2025 முதல் நடப்பில் உள்ள இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம்.

புகாரோடு இணைக்க வேண்டியவை: பில், உத்தரவாத அட்டை, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் (முக்கியமாக 'நெட் இல்லாமலும் இயங்கும்' என்று போட்டிருந்தால்), ஆப்பின் பதிவு, அதே நாளில் காலிக் கிண்ணத்தைக் காட்டும் வீடியோ, மின்னஞ்சல்கள், உறுதிமொழிப் பத்திரம். வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலப் பதிவை அழித்துவிடாதீர்கள். மின்னணு ஆதாரத்துக்கு பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63-இன்படி சான்று இணைத்துவிட்டால் எதிர்த்தரப்பு ஆட்சேபம் ஒன்று குறையும். நோட்டீஸ் அனுப்பினால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, பட்டுவாடா ஆன சான்றை எடுத்து வையுங்கள். மெஷினின் விலையோடு நிற்காமல் சிகிச்சைச் செலவு, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவற்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

பிராணி இறந்துவிட்டால், துக்கத்தில் உடனே புதைத்துவிடுகிறார்கள். அத்தோடு சாட்சியும் போய்விடுகிறது. மனம் கேட்காதுதான், ஆனாலும் உடலைக் குளிரில் வையுங்கள். ஃப்ரீசரில் உறையவைக்க வேண்டாம், திசுக்கள் சிதைந்துவிடும். சென்னை வேப்பேரி, நாமக்கல் போன்ற ஊர்களின் கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் பிரேதப் பரிசோதனை கேட்டு, அறிக்கையை எழுத்தில் வாங்குங்கள். பிழைத்துக்கொண்டால் மருத்துவர் சீட்டில் 'எத்தனை நாள் உணவில்லை' என்பதை எழுதச் சொல்லுங்கள்.

மெஷினைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆணையம் அதைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பலாம். சக்கரத்தைக் கழற்றிக் கழுவிவிட்டு, பிறகு அடைத்திருந்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? சர்வீஸ் ஆள் எடுத்துப்போக வந்தால் படம் எடுத்து, கையெழுத்து வாங்கிய பிறகே கொடுங்கள். பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று வருவார்கள், வாங்குங்கள். ஆனால் 'முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்' என்ற பெட்டியில் டிக் அடிக்கும் முன், அந்தத் தொகையில் மருத்துவச் செலவு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். டிக் அடித்த பிறகு அதைக் கேட்பது கடினம்.