பல்கலைக் கழகத் தலைவர் எப்போது பேச வேண்டும்?

ஒரு குடும்பத்திற்குப் பெரியவராக இருப்பவர், தெருவில் எழும் ஒவ்வொரு வழக்கிற்கும் தீர்ப்புக் கூற வேண்டுவதில்லை. ஆனால், அவ்வழக்கின் காரணமாகத் தம் வீட்டுப் பிள்ளை வெளியே செல்ல அஞ்சும்போதும் அவர் வாய் திறவாதிருந்தால், அதனைப் பெருந்தன்மை என்று யாரும் கொள்ளார். பல்கலைக் கழகத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றிருப்போர் நிலையும் ஏறக்குறைய இதுவே. எங்கோ ஒரு போர் மூள்கிறது. நாட்டில் ஓர் இனத்தாரோ மதத்தாரோ மொழியாரோ தாக்கப்படுகின்றனர். அப்பொழுது பல்லாயிரம் மாணவரும் ஆசிரியரும் தலைவரின் சொல்லை எதிர்பார்க்கின்றனர். அவர் எதைப் பற்றிப் பேச வேண்டும்? எதைப் பற்றிப் பேசாதிருக்க வேண்டும்?

இவ்வினாவை அமெரிக்கப் பல்கலைக் கழகங்கள் அரை நூற்றாண்டிற்கும் மேலாக ஆராய்ந்து வருகின்றன. பிற மாநிலங்களில் வாழ்ந்து, பிள்ளைகளைப் பலமொழியார் கூடிப் பயிலும் கல்லூரிகளுக்கு அனுப்பும் நமக்கும் அந்த ஆராய்ச்சி பயன் தருவதாகும்.

வியட்நாம் போரும், கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டமும் அமெரிக்காவை உலுக்கிய காலத்திலிருந்து தொடங்குவோம். நாட்டுப் பிரச்சினைகளில் பல்கலைக் கழகம் தன் நிலையை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்ற கோரிக்கை அன்று பல இடங்களில் எழுந்தது. 1967-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் சிகாகோ பல்கலைக் கழகத் தலைவர் ஜார்ஜ் பீடில், இதனை ஆராய எழுவர் குழு ஒன்றை நியமித்தார். சட்டப் பேராசிரியர் ஹாரி கால்வென் அதன் தலைவர். கறுப்பின மக்களின் வரலாற்றை எழுதிப் புகழ் பெற்ற ஜான் ஹோப் ஃபிராங்க்ளின், பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்ளர் ஆகியோரும் அதில் இடம் பெற்றனர். அவ்வாண்டு நவம்பரில் அறிக்கை வெளிவந்தது.

அதன் கருத்தைச் சுருக்கமாகக் கூறலாம். ஆராய்வதும் விமரிசிப்பதும் ஆசிரியர், மாணவர் ஆகிய தனி மனிதரின் பணி. அவர்களுக்கு இடமளித்துப் பாதுகாப்பதே பல்கலைக் கழகத்தின் பணி. பல்கலைக் கழகத்தின் பெயரால் தலைவர் ஒரு முடிவை அறிவித்துவிட்டால், மாறுபட்ட கருத்துடைய இளம் விரிவுரையாளர் வாய் திறக்கத் தயங்குவார். பெரும்பான்மையின் வாக்கால் சிறுபான்மையின் சிந்தனையை அடக்குவது அறிவுக் கூடத்திற்குப் பொருந்தாது. எனினும், அறிக்கை இரண்டு விலக்குகளைக் கூறிற்று. சுதந்திர ஆராய்ச்சிக்கே ஆபத்து வரும்போது பல்கலைக் கழகம் எதிர்த்து நிற்க வேண்டும். சொத்துடைமை போன்ற தன் சொந்த நடவடிக்கைகளிலும் அதற்குப் பொறுப்பு உண்டு. இவ்விரு விலக்குகளையும் நேயர்கள் நினைவில் கொள்ள வேண்டும். பலர் அவற்றை மறந்து, அறிக்கை மௌனத்தையே போதித்தது எனக் கருதுகின்றனர்.

மூன்றாண்டுகளுக்குப் பின் யேல் பல்கலைக் கழகத்தில் வேறொரு காட்சி தோன்றியது. அப்பல்கலைக் கழகம் அமைந்துள்ள நியூ ஹேவன் நகரில் கறுப்புச் சிறுத்தைகள் இயக்கத்தினர் மீது கொலை வழக்கு நடந்து வந்தது. கறுப்பினப் புரட்சியாளருக்கு நாட்டின் எந்தப் பகுதியிலும் நியாயமான விசாரணை கிட்டுமா என்று தாம் ஐயுறுவதாக, யேல் தலைவர் கிங்மன் பிரூஸ்டர் 1970 ஏப்ரலில் ஆசிரியர் கூட்டத்தில் கூறினார். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. அவரை நீக்க வேண்டும் என்றார் துணை ஜனாதிபதி ஸ்பைரோ ஆக்னியூ. மே தினத்தன்று ஆயிரக்கணக்கான ஆர்ப்பாட்டக்காரர் நகரில் திரண்டனர். பிரூஸ்டர் கதவுகளை அடைக்கவில்லை. விடுதிகளைத் திறந்து வைத்து, வந்தோர்க்கு உணவளிக்கச் செய்தார். அந்நாட்கள் உயிர்ச் சேதமின்றிக் கழிந்தன. அதே வாரத்தில், மே 4-ஆம் நாள், ஒஹையோ மாநிலத்துக் கெண்ட் பல்கலைக் கழகத்தில் தேசியக் காவற்படையினர் சுட்டதில் நான்கு மாணவர் மாண்டனர்.

பிரூஸ்டர் கூறியது முறையா என்பது பற்றிக் கருத்து வேற்றுமை இருக்கலாம். நீதிமன்றத்தில் நிலுவையிலிருந்த வழக்கைப் பற்றி அவர் பேசியிருக்க வேண்டாம் என்று கொள்வோரும் உண்டு. ஆனால் திறந்து வைத்த விடுதிக் கதவுகள் அவருடைய அதிகார எல்லைக்கு உட்பட்டவை. தம் கையில் உள்ளதைச் செய்யும்போது தலைவரின் சொல்லுக்கு எடை கூடுகிறது.

இதற்கு மற்றொரு சான்று 2020-இல் கிடைத்தது. அவ்வாண்டு மே 25-ஆம் நாள் மினியாப்பொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ்காரர் ஒருவரால் கொல்லப்பட்டார். பல்கலைக் கழகத் தலைவர் பலர் வருத்தக் கடிதங்கள் எழுதினர். மினசோட்டா பல்கலைக் கழகத் தலைவி ஜோன் கேபல், இரண்டே நாளில் ஒரு முடிவையும் அறிவித்தார். கால்பந்தாட்டம் போன்ற பெருங்கூட்டங்களுக்கு அந்நகரப் போலீசாரைக் கூடுதலாக அமர்த்தி வந்த வழக்கத்தைப் பல்கலைக் கழகம் கைவிட்டது. நாட்டின் நீதியைப் பற்றிய பொதுவுரையோடு அவர் நில்லாமல், தம் வளாகத்திற்குள் யாரைக் காவலுக்கு அழைப்பது என்ற தம் பொறுப்பிலுள்ள காரியத்தில் முடிவெடுத்தார்.

ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் கடிதம் எழுதும் பழக்கத்தில் வேறோர் இடர் உண்டு. ஒரு துயரத்திற்கு இரங்கியவர் மற்றொன்றிற்கு இரங்காவிடில், அந்த மௌனமே ஓர் அவமதிப்பாகப் படுகிறது. 2023 அக்டோபரில் இஸ்ரேல் மீது ஹமாஸ் நடத்திய தாக்குதலுக்கும், அதைத் தொடர்ந்த காஸாப் போருக்கும் பின் இவ்விடர் முற்றியது. தலைவர்களின் அறிக்கைகள் காலம் தாழ்ந்தவை என்றனர் சிலர். ஒருதலையானவை என்றனர் சிலர். டிசம்பர் 5-ஆம் நாள் ஹார்வர்டு, பென்சில்வேனியா, எம்.ஐ.டி. ஆகிய மூன்றின் தலைவியர் நாடாளுமன்றக் குழுவின் முன் விசாரிக்கப்பட்டனர். யூதரை அழிக்க வேண்டும் என்று முழங்குவது பல்கலைக் கழக விதிகளுக்கு மாறானதா என்ற கேள்விக்கு, அது சூழ்நிலையைப் பொறுத்தது என்னும் பொருள்பட அவர்கள் விடையளித்தனர். சட்ட நுணுக்கம் பேசிய அவ்விடை, அஞ்சியிருந்த மாணவருக்கு ஆறுதல் தரவில்லை. பென்சில்வேனியாத் தலைவி நான்கு நாட்களில் பதவி விலகினார். ஹார்வர்டு தலைவி, தம் ஆராய்ச்சி எழுத்துக்களைப் பற்றிய வேறு குற்றச்சாட்டுக்களும் சேர, 2024 ஜனவரியில் விலகினார். அவ்வாண்டு மே மாதத்தில், தன் கல்விப் பணியைச் சாராத பொது விவகாரங்களில் பல்கலைக் கழகத்தின் பெயரால் அறிக்கை விடுவதில்லை என ஹார்வர்டு முடிவு செய்தது.

இம்முடிவை ஒப்பாதாரும் உளர். வலியோன் எளியோனை நலியும்போது நடுநிற்பது வலியோனுக்குத் துணை போவதே என்பது அவர்கள் வாதம். அதனை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும் ஒரு வேறுபாட்டைத் தெளிவாகக் கண்டால் சிக்கல் பெரும்பாலும் தீரும். எந்த நாட்டின் பக்கம் நியாயம், எந்தக் கட்சியின் கொள்கை சிறந்தது என்பன ஆசிரியரும் மாணவரும் தாமே வாதிட்டு முடிவு காண வேண்டியவை. அங்கே தலைவர் அடங்கியிருத்தல் நன்று. விடுதியில் ஒரு மாணவன் தன் சாதிக்காகவோ நிறத்துக்காகவோ மொழிக்காகவோ இழிவு செய்யப்பட்டால், அது பல்கலைக் கழகத்தின் சொந்தக் காரியம். அங்கே தலைவர் நடுநிலை பேசுவது கடமை தவறுவதாகும்.

நம் நாட்டிலும் இவ்வெல்லை வகுக்கப்பட்டுள்ளது. பல்கலைக் கழக மானியக் குழு 2012-இல் வெளியிட்ட விதிகள், சாதி, சமயம், மொழி, இனம், பால், உடற்குறை ஆகியவற்றின் பெயரால் மாணவரை வேறுபடுத்தித் துன்புறுத்துவதைத் தடை செய்தன. சமவாய்ப்புப் பிரிவு ஒன்றை அமைப்பதும், முறையீடுகளை ஏற்க ஓர் அதிகாரியை நியமிப்பதும் கல்வி நிலையங்களின் கடமையென விதித்தன. மொழியும் அப்பட்டியலில் இருப்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும். இந்தி அறியாமல் தில்லிக்கும், வங்காளம் அறியாமல் கல்கத்தாவுக்கும் செல்லும் தமிழ் மாணவன், உணவுக் கூடத்தில் எழும் கேலியைத் தனியே பொறுத்துக்கொள்ள வேண்டுவதில்லை. அதே பாதுகாப்பு, தமிழ்நாட்டிற்குப் படிக்க வரும் அஸ்ஸாமிய மாணவிக்கும் உரியது.

ஆகவே பிள்ளையைப் புதிய பல்கலைக் கழகத்தில் சேர்க்கும் பெற்றோர், அதன் தலைவர் உலக விவகாரங்களில் எத்தனை அறிக்கை விட்டார் என்று எண்ணிப் பார்க்க வேண்டாம். முறையீட்டை ஏற்கும் அதிகாரி யார், அவர் அறை எங்குள்ளது, சென்ற மாணவருக்கு விடை கிடைத்ததா என்று கேட்டறியுங்கள். கேட்டறிந்ததைப் பிள்ளைக்கும் முதல் நாளிலேயே சொல்லி வையுங்கள்.