சொந்த வாகனமின்றிச் சேது யாத்திரை

மூர்த்தி, தலம், தீர்த்தம் ஆகிய மூன்றினாலும் சிறப்புற்று, பாரதத்தின் நான்கு திசைகளிலிருந்தும் அடியார்களை ஈர்க்கும் திருத்தலம் இராமேசுவரம். பன்னிரு ஜோதிர்லிங்கத் தலங்களுள் தமிழகத்தில் அமைந்தது இஃது ஒன்றே. நாற்புறமும் கடல் சூழ்ந்த இச்சிறு தீவிற்குச் செல்ல விரும்பும் அன்பர்கள் பலர், “கார் இல்லையே, முதிய தாய் தந்தையரை எவ்வாறு அழைத்துச் செல்வது?” என்று எண்ணி, ஆண்டுதோறும் பயணத்தைத் தள்ளிப் போடுகின்றனர். பெற்றோர் நடக்க இயலாத நிலையை அடைந்தபின் வருந்துவதால் பயன் இல்லை. இத்தீவில் கார் இன்றியமையாத தேவையன்று. முறையான திட்டமே தேவை.

முற்காலத்தில் காசியிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் புறப்பட்ட யாத்திரிகர்கள் மாதக்கணக்கில் நடந்தே வந்தனர். அவர்கள் இளைப்பாறுவதற்கெனச் சேதுபதி மன்னர்களும் தஞ்சை மராட்டிய மன்னர்களும் சாலை நெடுகிலும் சத்திரங்களை அமைத்தனர். மண்டபம் கரையை அடைந்தோர் படகேறிப் பாம்பன் கால்வாயைக் கடந்தனர். 1914ஆம் ஆண்டில் கடலின்மேல் ரயில் பாலம் அமைந்தது. அதன்பின் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக, சாலை வழியே தீவிற்குச் செல்ல வழியே இருக்கவில்லை. சாலைப்பாலம் 1988ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டது. ஆகவே நம் பாட்டன்மார் அனைவரும் கார் இல்லாமலே இராமநாதரைத் தரிசித்தவர்கள் என்பதை நினைவிற் கொள்ளலாம்.

பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அப்பொழுது ரயிலில் வந்தோர் மண்டபத்திலோ இராமநாதபுரத்திலோ இறங்கிப் பேருந்தில் செல்ல வேண்டியிருந்தது. அந்நிலை இப்பொழுது இல்லை. 2025 ஏப்ரல் 6ஆம் நாள் புதிய பாலம் திறக்கப்பட்டு, ரயில் மீண்டும் இராமேசுவரம் நிலையம் வரை செல்கின்றது. சுமார் 2 கி.மீ. நீளமுடைய இப்பாலத்தில், கப்பல்கள் வரும்போது நடுப்பகுதி முழுவதும் செங்குத்தாக மேலெழுந்து வழிவிடும். பழைய பாலத்தின் நடுப்பகுதியோ இரு கைகளைப்போல் விரிந்து திறந்தது. அதனைப் பணியாளர்கள் தம் கைவலியாலேயே இயக்கினர்.

சென்னையிலிருந்து வருவோர்க்கு இரவு ரயிலே ஏற்றது. மதுரையிலிருந்து பகல் வேளையில் ரயிலும் பேருந்தும் உண்டு. பேருந்தில் மதுரையிலிருந்து ஏறக்குறைய 170 கி.மீ. தொலைவு. முதியோருடன் செல்வோர், கழிப்பறை வசதி கருதி ரயிலையே தேர்ந்துகொள்வது நலம். பாலத்தின்மேல் காற்று குறிப்பிட்ட வேகத்தைக் கடந்தால் ரயிலை அனுமதிப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இவ்வாறு நேரக்கூடும். எனவே அம்மாதங்களில் செல்வோர், திரும்பிய மறுநாளே தவறாது பணிக்குச் செல்ல வேண்டும் என்னும்படி நாளைக் குறுக்கி வைத்துக்கொள்ளாதிருப்பது நன்று.

ரயில் நிலையத்திலிருந்து திருக்கோயில் ஒன்றரை கி.மீ. தொலைவிற்குள் உள்ளது, பேருந்து நிலையம் சற்றுக் கூடுதல் தொலைவு. இரண்டிடத்திலிருந்தும் ஆட்டோ கிடைக்கும். பேருந்து நிலையத்திலிருந்து கோயில் வாசலுக்கு நகரப் பேருந்துகளும் உண்டு. ஆட்டோவில் ஏறுமுன்னரே கட்டணத்தைப் பேசி முடிவு செய்துகொள்க. தங்குமிடத்தைத் தேர்வதில்தான் முழுக் கவனமும் வேண்டும். ஊருக்கு வெளியே குறைந்த வாடகையில் கிடைக்கும் அறை, வாகனம் உடையவர்க்கே இலாபம். நடந்து செல்வோர் சந்நிதித் தெருவிலோ நான்கு ரத வீதிகளிலோ தங்குவதே முறை. திருக்கோயில் நிருவாகத்தின் விடுதிகளும், பல சமூகத்தார் நடத்தும் மடங்களும் சத்திரங்களும் கோயிலைச் சுற்றியே உள்ளன. முன்பதிவு செய்யாமல் ஆடி, தை, மகாளய அமாவாசைகளை ஒட்டிச் செல்வது ஒருபோதும் வேண்டா. அந்நாட்களில் காரில் வந்தோரும் வண்டியைத் தொலைவில் விட்டுவிட்டு நடந்தே வருவர்.

முதல் நாள் மாலைக்குள் ஊரை அடைந்துவிட்டால், மறுநாள் வழிபாடு தடையின்றி நிறைவேறும். விடியற்காலை 5 மணிக்கு ஸ்படிகலிங்க தரிசனம் தொடங்கும். கருவறையில் ஸ்படிகலிங்கத்திற்கு நிகழும் இவ்வழிபாடு காலையில் சிறிது நேரமே உண்டு. வெளியூரிலிருந்து அன்று காலை வந்திறங்குவோர் பெரும்பாலும் இதனை இழந்துவிடுகின்றனர். இத்தரிசனத்தை உலர்ந்த ஆடையுடன் முதலில் முடித்துக்கொண்டு, பின்னர்த் தீர்த்தமாடச் செல்வது எளிது.

கிழக்குக் கோபுர வாயிலுக்கு எதிரே, சில நிமிட நடையில், அக்னி தீர்த்தம் எனப்படும் கடல் உள்ளது. இங்கே அலை மிகுதியில்லை. முதியோரும் கரையருகே அமர்ந்து நீராடலாம். முன்னோர்க்குரிய கடன்களை ஆற்றுவோர் இங்கேயே ஆற்றுவர். இதன்பின் ஈர ஆடையுடனே கோயிலுக்குட் சென்று 22 தீர்த்தங்களில் நீராடுதல் மரபு. மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கிக் கோடி தீர்த்தத்தில் நிறைவுறும். இவை பெரும்பாலும் கிணறுகளே. வாளியால் இறைத்துத் தலைமேல் ஊற்றுவர். கடலுக்கு இத்துணை அருகில் இருந்தும் நீர் உவர்ப்பின்றி இருத்தலும், கிணற்றுக்குக் கிணறு சுவை வேறுபடுதலும் அடியார்களை வியக்க வைப்பன.

இந்நீராட்டில் முதியோர்பொருட்டுச் சில எச்சரிக்கைகள் தேவை. கற்றளம் எப்பொழுதும் ஈரமாக இருத்தலால் வழுக்கும். கையைப் பற்றி மெல்ல அழைத்துச் செல்க. மார்கழி, தை மாதங்களில் அதிகாலைக் குளிரில் 22 முறை தலையில் நீரை ஏற்பது இதயநோய், மூச்சிரைப்பு உடையவர்க்கு ஆகாது. அத்தகையோர் வெயில் ஏறியபின் நீராடலாம். இயலாதவர் தீர்த்தத்தைச் சிரசில் தெளித்துக்கொண்டாலே போதும். தருப்பணத்திற்கும் நீராட்டிற்கும் முன்னர் வெறும் வயிறாக இருத்தல் வழக்கமாயினும், சர்க்கரை நோய்க்கு மருந்து உட்கொள்வோர் மருத்துவரைக் கேட்டே அதனைப் பின்பற்றுதல் வேண்டும். இறைவன் திருவுள்ளம் அடியார் மயங்கி விழுவதை வேண்டுவதன்று.

தீர்த்தமாடிய பின் ஈர ஆடையுடன் கருவறைப் பகுதிக்குச் செல்ல அனுமதியில்லை. ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் உடை மாற்றும் அறைகள் உண்டு. ஒருவர் உலர்ந்த துணிகளுடன் நீராடாமல் காத்திருந்தால் வசதி. கைப்பேசியைக் கோயிலுக்குட் கொண்டு செல்லுதல் தடை செய்யப்பட்டுள்ளது. அறையிலேயே வைத்துச் செல்க. கூட்டத்தில் பிரிந்துபோனால் சந்திக்கும் இடத்தை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளவும் இதுவே காரணம்.

தரிசனத்தில் விசுவநாதரை முதலில் வணங்குதல் முறை. சிவலிங்கம் கொணரச் சென்ற அனுமன் வரத் தாமதமானமையால், குறித்த வேளை தவறாதிருக்கச் சீதாபிராட்டி மணலால் அமைத்த இலிங்கமே இராமநாதர். காலந்தாழ்த்தி வந்த அனுமன் மனம் வருந்தலாகாது என்று, அவர் கொணர்ந்த இலிங்கத்திற்கே முதற்பூசை என இராமபிரான் வகுத்தார் என்பது தலவரலாறு. பின்னர் இராமநாதரையும் பர்வதவர்த்தினி அம்மையையும் வணங்கி, மூன்றாம் பிராகாரத்தை வலம் வருக. 1212 தூண்கள் அணிவகுக்கும் இப்பிராகாரம் சேதுபதி மன்னர்களால் 18ஆம் நூற்றாண்டில் நிறைவுற்றது. வெயிலும் மழையும் தீண்டாத நிழல்வெளி இஃது. முதியோர் ஆங்காங்கே அமர்ந்து அமர்ந்து சுற்றலாம். பிற்பகலில் 1 மணி முதல் 3 மணி வரை நடை அடைத்திருக்கும். திருக்கோயிலில் நாள்முழுதும் அன்னதானம் நடைபெறுகின்றது.

பிற்பகலில் தனுஷ்கோடி செல்லலாம். 1964 டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவில் வீசிய பெரும்புயலில் பாம்பனிலிருந்து அங்கு சென்ற பயணிகள் ரயில், அதிலிருந்தோர் அனைவருடனும் கடலில் மூழ்கியது, ஊரும் அழிந்தது. அதன்பின் அங்கு இருப்புப்பாதை மீண்டும் அமைக்கப்படவில்லை. நெடுங்காலம் மணலில் செல்லும் வேன்களையே யாத்திரிகர்கள் நம்பியிருந்தனர். 2017ஆம் ஆண்டில் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை அமைந்தபின், பேருந்திலேயே சென்று வர இயலுகின்றது. வழியில் கோதண்டராமர் கோயில் உள்ளது. விபீஷணன் சரணடைந்த இடம் என்று போற்றப்படுவது. 1964 புயலையும் தாங்கி நின்ற கோயில் இது. பிரதான சாலையில் இறங்கிச் சற்றுத் தொலைவு வெயிலில் நடக்க வேண்டியிருத்தலால், முதியோர் உடன்வரின் இதற்கு மட்டும் ஆட்டோ அமர்த்திக்கொள்வதைச் செலவாகக் கருத வேண்டா.

அரிச்சல்முனையில் நிழல் இல்லை. குடிநீரும் குடையும் உடன் கொண்டு செல்க. இரு கடல்களும் கூடுமிடத்தில் நீரோட்டம் வலியது. கரையின் ஆழமும் நாளுக்கு நாள் மாறும். சேது ஸ்நானம் செய்ய விழைவோர் கரையோரத்திலேயே நீரை முகந்து தலையில் விட்டுக்கொள்க. பிள்ளைகளை நீரில் இறங்க விடாதீர். மாலைக்குப் பின் அங்கே தங்க அனுமதியில்லை. சென்றவுடன் திரும்பும் பேருந்தின் நேரத்தை நடத்துநரிடம் கேட்டறிந்து, கடைசிப் பேருந்துக்கு முந்தியதிலேயே திரும்பிவிடுவது அறிவுடைமை.

தேவிபட்டினம் நவபாஷாணம், திருப்புல்லாணி, உத்தரகோசமங்கை ஆகியவற்றையும் ஒரே நாளில் அடக்கிவிட எண்ணுவோர் பலர். இவை தீவில் இல்லை. இராமநாதபுரத்தைச் சுற்றி அமைந்தவை. வாகனமில்லாதோர் இவற்றை ஊர் திரும்பும் நாளுக்கு ஒதுக்கி, இராமநாதபுரத்தில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் சென்று வரலாம்.

பின்னர்க் காசிக்குச் செல்லக் கருதியுள்ளோர், சேதுக் கடற்கரையின் மணலைச் சிறிது முடிந்து எடுத்துக்கொள்வர். அதனைப் பிரயாகையில் கங்கையிற் கரைத்து, அங்கிருந்து கொணரும் கங்கைநீரால் இராமநாதருக்கு அபிடேகம் செய்விப்பது தொன்றுதொட்டு வரும் மரபு. அவ்வாறாயின் மீண்டும் ஒருமுறை பாம்பன் பாலத்தைக் கடக்க வேண்டியிருக்கும். இரண்டாம் பயணத்திற்குப் பகல் நேர ரயிலைத் தேர்ந்துகொண்டால் கடலைக் கண்குளிரக் காணலாம்.