டகோட்டா விமானம்

டகோட்டா என்பது அமெரிக்காவின் டக்ளஸ் நிறுவனம் உருவாக்கிய டிசி-3 என்னும் புரொபெல்லர் வகைப் பயணிகள் விமானம் ஆகும். 1935 டிசம்பர் 17 அன்று முதன்முதலாகப் பறந்தது. அஞ்சல் வருமானத்தை நம்பாமல், பயணிகள் கட்டணத்தைக் கொண்டே லாபம் தந்த முதல் விமானம் என்று கருதப்படுகிறது. இதன் இராணுவ வடிவமான சி-47 இரண்டாம் உலகப் போரில் ஆயிரக்கணக்கில் தயாரிக்கப்பட்டது. ஆங்கிலேயர் அதற்கு இட்ட பெயரே டகோட்டா.

அமைப்பு

இரண்டு எஞ்சின்கள், 21 முதல் 32 வரை இருக்கைகள். வேகம் மணிக்குச் சுமார் 330 கி.மீ. மூன்றாவது சக்கரம் வாலின் அடியில் இருந்ததால், தரையில் நிற்கும்போது விமானம் மூக்கை உயர்த்தியே நிற்கும். பயணிகள் சரிவில் ஏறித்தான் இருக்கையை அடைய வேண்டும். குறுகிய மண் ஓடுதளத்திலும் இறங்கக்கூடியது.

இந்தியாவில்

போர் முடிந்ததும் தேவைக்கு மிஞ்சிய டகோட்டாக்கள் மலிவு விலையில் விற்கப்பட்டன. ஓசூரை அடுத்துள்ள பெங்களூரில், இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை அவற்றுள் பலவற்றைப் பயணிகள் விமானங்களாக மாற்றிக் கொடுத்தது. புதிய விமானம் வாங்க வசதியில்லாத நிறுவனங்களும் இதனால் சேவை தொடங்க முடிந்தது.

1949இல் இரவு விமான அஞ்சல் தொடங்கியது. டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் புறப்படும் விமானங்கள் நள்ளிரவில் நாக்பூரில் கூடி, அஞ்சல் பைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் திரும்பின. 1953இல் எட்டு நிறுவனங்களை இணைத்து இந்தியன் ஏர்லைன்ஸ் உருவானபோது, அதன் 99 விமானங்களில் 74 டகோட்டாக்களே.

இலங்கையில்

ஏர் சிலோனின் முதல் பயணமும் டகோட்டாவில்தான். 1947 டிசம்பர் 10 அன்று ‘சீதா தேவி’ என்ற விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னை வந்தது.

நீலகிரி விபத்து

டகோட்டாவின் உள்ளே காற்றழுத்தத்தைக் காக்கும் வசதி இல்லை. ஆகவே பயணிகளுடன் பெரும்பாலும் 3,000 மீட்டருக்குக் கீழேயே பறந்தது. தொட்டபெட்டா சிகரத்தின் உயரமோ 2,637 மீட்டர். மேகம் சூழ்ந்தால் மலைப்பகுதியில் ஆபத்து மிகுதி.

1950 டிசம்பர் 13 அன்று ஏர் இந்தியாவின் டகோட்டா ஒன்று கோத்தகிரி அருகே மலையில் மோதியது. அதிலிருந்த அனைவரும் இறந்தனர். அவர்களுள் புள்ளியியல் அறிஞர் ஆபிரகாம் வால்டும் அவர் மனைவியும் அடங்குவர். போரில் அடிபட்டுத் திரும்பிய விமானங்களின் குண்டுத் துளைகளைக் கொண்டு, எந்தப் பகுதி தாக்கப்பட்டால் விமானம் வீழும் என்று கணித்தவர் வால்ட்.

ஓய்வு

1957இல் வைக்கவுண்ட், 1961இல் ஃபோக்கர் பிரண்ட்ஷிப் விமானங்கள் வந்தன. காற்றழுத்த வசதியும் கூடுதல் வேகமும் கொண்ட அவை முக்கிய வழித்தடங்களில் டகோட்டாவின் இடத்தைப் பிடித்தன. பழுதுபார்த்துப் புதுப்பிக்கப்பட்ட ‘பரசுராமா’ என்ற டகோட்டா 2018இல் இந்திய விமானப்படையின் பழைய விமானங்களுக்கான பிரிவில் சேர்ந்தது.